சிசி கணக்கும் குறைந்தபட்ச எடையும்: கார் பந்தயத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

என் மூன்றாவது பந்தயத்தில், ஓடிய பிரிவில் மூன்றாவதாக வந்தேன். ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் ஒருவர் கையைக் காட்டி, வண்டியை எடை போடும் இடத்துக்குத் திருப்பிவிட்டார். திரையில் 826 என்று வந்தது. எங்கள் பிரிவின் குறைந்தபட்ச எடை 830 கிலோ. "அண்ணா, இன்னொரு தடவை போட்டுப் பார்க்கலாமா?" என்றேன். "தாராளமா" என்று இறக்கி ஏற்றினார். மறுபடியும் 826. அன்றைய முடிவுப் பட்டியலில் என் பெயருக்கு எதிரே ஒரு கோடுதான் இருந்தது.

அதற்கு நாலு மாதம் முன்னால், வாங்கிய எஞ்சினே பிரிவின் சிசி (எஞ்சின் கொள்ளளவு) வரம்பைத் தாண்டியது என்று தெரிந்து பணத்தைக் கொட்டியவனும் நான்தான். உட்கார்ந்து ஒரு மாலை நேரம் கணக்குப் போட்டிருந்தால் இரண்டும் நடந்திருக்காது. அந்தக் கணக்கைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். வேகமாக ஓட்டுவது எப்படி என்று இதில் ஒன்றும் கிடையாது.

1. முதலில் விதிப் புத்தகம், அப்புறம்தான் வண்டி

பலரும் வண்டியை வாங்கிவிட்டு, அது எந்தப் பிரிவில் சேரும் என்று தேடுகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். நீங்கள் ஓட்டப்போகும் தொடரின் தொழில்நுட்ப விதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு இன்னும் இரண்டு காகிதங்கள் வேண்டும். ஒன்று, சீசன் நடுவில் வெளியிடும் திருத்த அறிவிப்புகள். இன்னொன்று, ஒவ்வொரு பந்தயத்துக்கும் தனியாக வரும் துணை விதிகள். மூன்றும் முரண்பட்டால் எது செல்லும் என்பதும் அதிலேயே எழுதியிருக்கும். பெரும்பாலும் கடைசியாக வந்த அறிவிப்புதான். நண்பர் அனுப்பிய போன வருடத்து பிடிஎஃப் வேண்டாம். குறைந்தபட்ச எடை வருடத்துக்கு வருடம் 10, 20 கிலோ மாறுவது சாதாரணம்.

படிக்கும்போது நான்கு இடங்களில் பேனாவால் கோடு போடுங்கள்: சிசி வரம்பு, ரீபோர் (சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்குவது) அனுமதி, டர்போ, ரோட்டரி எஞ்சின்களுக்கான பெருக்கல் எண், எடைக்கான வரையறை. விதிப் புத்தகத்தின் ஆரம்பத்திலோ கடைசியிலோ 'வரையறைகள்' என்று ஒரு பகுதி இருக்கும். யாரும் படிக்காத பகுதி அதுதான். நான் எண்களை மட்டும் பார்த்துவிட்டு அதைத் தாண்டிப் போனேன்.

வண்டி தேர்ந்தெடுக்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். பிரிவின் மேல் வரம்புக்கு ஒட்டி இருக்கும் எஞ்சின்தான் ஓட்டத்தில் லாபம். 1600 வரை அனுமதிக்கும் பிரிவில் 1400 எஞ்சினோடு நின்றால், மற்றவர்களுக்கு 200 சிசி தானம் கொடுத்த மாதிரி. சில விதிகள் சிசி குறைவான வண்டிக்கு எடையிலும் சலுகை தரும். அப்படி இருந்தால் கதை வேறு. ஆனால் வரம்புக்கு மிக ஒட்டி இருப்பதில் ஒரு பொறி இருக்கிறது. அடுத்த படி அதைப் பற்றித்தான்.

2. எஞ்சினின் சிசியை நீங்களே கணக்குப் போடுங்கள்

ஆர்சி புத்தகத்தில் இருக்கும் சிசி, எஞ்சின் பிறந்தபோது இருந்த சிசி. பந்தயத்தில் அளப்பது இன்றைக்கு உள்ளே இருப்பதை. சூத்திரம் பள்ளிக்கூடத்து உருளைக் கணக்குதான்:

0.7854 × போர் × போர் × ஸ்ட்ரோக் × சிலிண்டர் எண்ணிக்கை

போர் என்பது சிலிண்டரின் விட்டம், ஸ்ட்ரோக் என்பது பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம். மில்லிமீட்டரில் அளந்து பெருக்கி 1000-ஆல் வகுத்தால் சிசி.

சுசுகியின் ஜி13பி எஞ்சினை எடுத்துக்கொள்வோம். போர் 74 மி.மீ., ஸ்ட்ரோக் 75.5 மி.மீ., நான்கு சிலிண்டர். கணக்குப் போட்டால் 1298.9 சிசி. 1300 பிரிவுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருக்கிறது, இல்லையா? இப்போது இதே எஞ்சினுக்கு ரீபோர் செய்து 0.50 ஓவர்சைஸ், அதாவது அரை மி.மீ. பெரிய, பிஸ்டன் போட்டிருந்தால் போர் 74.5. சிசி 1316.5. வெறும் 0.25 ஓவர்சைஸ் போட்டாலே 1307.6. எவ்வளவு தூரம் போகலாம் என்று திருப்பிப் போட்டுப் பார்த்தேன்: 74.03 மி.மீ. வரைதான். அதாவது 0.03 மி.மீ. இடைவெளி. தலைமுடி ஒன்றின் பருமன்கூட அதைவிட அதிகம்.

என் கதை இதுதான். பழைய எஞ்சின் ஒன்று கிடைத்தது; விற்றவர் "நல்லா ரீகண்டிஷன் பண்ணது" என்று பெருமையாகச் சொன்னார். எனக்கும் சந்தோஷம். ரீகண்டிஷன் என்றால் பெரும்பாலும் ரீபோர் என்று அப்போது தோன்றவில்லை. எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றியபோது பிஸ்டன் தலையில் கரி அப்பியிருந்தது. துணியில் கொஞ்சம் பெட்ரோல் நனைத்துத் துடைத்தேன். கரிக்கு அடியில் சின்னதாக, தெளிவாக, 50 என்று பொறித்திருந்தது. லைனர் (சிலிண்டருக்குள் இறக்கும் உறைக் குழாய்) அடித்து போரை மறுபடி 74-க்குக் கொண்டுவர, எஞ்சினுக்குக் கொடுத்ததில் பாதிக்கு மேல் செலவானது.

அதனால், பழைய எஞ்சின் வாங்கும் முன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, குழாய் கேமராவை உள்ளே விட்டு பிஸ்டன் தலையைப் பாருங்கள். 25, 50, 100 போன்ற எண் தெரிந்தால் அது ஓவர்சைஸ். எதுவும் தெரியாவிட்டால் கரிக்கு அடியில் இருக்கலாம். விற்பவர் சம்மதித்தால் ஹெட்டைத் திறந்துவிடுங்கள். சம்மதிக்காவிட்டால் அதையும் விலையில் சேர்த்துப் பேசுங்கள்.

சரி, தேய்மானம்? எஞ்சின் ஓட ஓட சிலிண்டரின் மேல் பகுதி, ரிங் உரசும் இடம், தேய்ந்து விட்டம் கூடும். மேலே சொன்ன எஞ்சினில் 0.05 மி.மீ. தேய்ந்தாலே கணக்கு 1300.6 ஆகிவிடுகிறது. இதற்காகத்தான் பல விதிகள் 'உற்பத்தியாளர் அறிவித்த சிசி' என்றோ, 'முதல் ஓவர்சைஸ் வரை அனுமதி' என்றோ சொல்லும். எதுவும் சொல்லாமல் '1300 சிசிக்கு மிகாமல்' என்று மட்டும் இருந்தால், எந்த உயரத்தில் அளப்பார்கள், தேய்மானத்துக்கு விலக்கு உண்டா என்று தொழில்நுட்ப அதிகாரிக்கு எழுதிக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். பேடாக்கில் (பந்தய வண்டிகள் நிறுத்தும் இடம்) தேநீர் குடித்துக்கொண்டே அவர் சொன்ன "அதெல்லாம் பரவாயில்லப்பா" எந்த விசாரணையிலும் செல்லாது.

லேத் பட்டறையில் வேலை கொடுக்கும்போது, வரம்பு எண்ணைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். அவர்கள் சாலையில் ஓடும் வண்டிக்குச் செய்கிற பழக்கத்தில், கீறல் இருந்தால் அடுத்த சைஸுக்குக் குடைந்துவிடுவார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது நல்ல வேலை. உங்களைப் பொறுத்தவரை பிளாக் போச்சு. வேலை முடிந்ததும் உள்விட்டம் அளக்கும் போர் கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டரையும் மேல், நடு, கீழ் என மூன்று உயரத்தில், ஒவ்வொன்றிலும் இரண்டு குறுக்குத் திசையில் அளக்கச் சொல்லி, அந்த எண்களைத் தாளில் எழுதி வாங்குங்கள். பின்னால் அது ஆவணம்.

ஹெட்டைச் சமப்படுத்த இழைப்பதால் சிசி மாறாது. ஆனால் கம்ப்ரஷன் விகிதம் ஏறும், அதற்குத் தனி வரம்பு இருக்கலாம். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

3. டர்போவும் ரோட்டரியும்

எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ வைத்திருக்கிறவர்களுக்கு நிஜ சிசி ஒன்று, விதி சிசி ஒன்று. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் 'அபென்டிக்ஸ் ஜே' தொழில்நுட்ப விதிகளில் டர்போ அல்லது சூப்பர்சார்ஜர் உள்ள பெட்ரோல் எஞ்சினின் சிசியை 1.7-ஆல் பெருக்குவார்கள், டீசலானால் 1.5. அந்தக் கணக்கில் 998 சிசி டர்போ பெட்ரோல் எஞ்சின் 1697 ஆகி, 1600 பிரிவைத் தாண்டி 2000 பிரிவில் போய் உட்காரும். 1600-க்குள் நிற்க வேண்டுமென்றால் நிஜ சிசி 941-க்குள் இருக்க வேண்டும். 2000-க்குள் என்றால் 1176. சின்ன டர்போ காரை "1.0 தானே" என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள்.

உங்கள் கிளப் எஃப்.ஐ.ஏ. எண்ணையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கட்டாயம் இல்லை. தங்கள் வண்டிகளுக்கேற்ப வேறு பெருக்கல் எண் வைப்பவர்கள் உண்டு. டர்போவை அடியோடு தடுப்பவர்களும் உண்டு. மஸ்டாவின் 13பி மாதிரி, பிஸ்டனுக்குப் பதில் ரோட்டர் சுழலும் ரோட்டரி எஞ்சின் என்றால் இன்னும் கவனம். அதன் அறிவித்த அளவு 654 சிசி வீதம் இரண்டு ரோட்டர், மொத்தம் 1308. விதி அதை இரண்டால் பெருக்கச் சொன்னால் 2616 ஆகிவிடும். பெருக்கல் எண் என்ன என்று பார்க்காமல் ரோட்டரி பக்கம் தலை வைக்காதீர்கள்.

4. 'எடை' என்றால் எந்த எடை?

இங்கேதான் நான் விழுந்தேன், நிறையப் பேர் விழுகிறார்கள். கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

விதியில் '830 கிலோ' என்று இருந்தால், அந்த எண்ணுக்குத் தனியாக எந்தப் பொருளும் இல்லை. கூடவே மூன்று கேள்விக்குப் பதில் வேண்டும். ஓட்டுநர் உள்ளேயா, வெளியேயா? எரிபொருள் எவ்வளவு? பந்தயத்துக்கு முன்பா, பின்பா?

ஓட்டுநரோடு சேர்த்து என்றால், ஹெல்மெட், சூட், கழுத்துப் பாதுகாப்புக் கருவி, காலணி எல்லாம் போட்டுக்கொண்டு உட்காருவது. அமெரிக்காவில் எஸ்.சி.சி.ஏ. அமைப்பின் ஃபார்முலா வீ பிரிவு அப்படிப்பட்டது: 1200 சிசி எஞ்சின், ஓட்டுநரோடு 1025 பவுண்டு, அதாவது சுமார் 465 கிலோ. இந்த வகை விதியில் 60 கிலோ ஆளும் 90 கிலோ ஆளும் தராசில் சமம். ஒல்லியானவர் 30 கிலோவைக் கட்டியாக ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். ஓட்டுநர் இல்லாமல் எடை போடும் பிரிவு என்றால் கனமான உடம்புக்காரருக்கு நேரடியாக நஷ்டம். நீங்கள் 90-க்கு மேல் என்றால், வண்டியின் குதிரைத் திறனைப் பார்ப்பதற்கு முன் இந்த ஒரு வரியைப் பார்த்துப் பிரிவைத் தேர்ந்தெடுங்கள்.

எரிபொருள் விஷயத்தில் மூன்று வகை உண்டு. டேங்கை முழுதாக வடித்துவிட்டுப் போடுவது ஒன்று. ஓடி முடித்தபோது எவ்வளவு மிச்சமோ அதோடு போடுவது இன்னொன்று. மூன்றாவது, குறிப்பிட்ட லிட்டர் வைத்துப் போடுவது. பெட்ரோல் லிட்டருக்கு ஏறக்குறைய முக்கால் கிலோ. 20 லிட்டர் 15 கிலோ. இந்த ஒரு கணக்கே பலரைக் காப்பாற்றும்.

பந்தயத்துக்குப் பின் என்றால், வண்டியில் தேய்ந்தது, கழன்றது, எரிந்தது, வியர்த்தது எல்லாம் உங்கள் கணக்கில் கழியும். பம்பர் கழன்று விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் விதியில் பாருங்கள்.

என் 826 எப்படி வந்தது? முந்தின வாரம் லாரிகள் ஏறும் எடை மேடையில், டேங்க் முழுக்க நிரப்பி, முழு உடுப்போடு உட்கார்ந்து எடை போட்டேன். 840 காட்டியது. "பத்து கிலோ கூடவே இருக்கு" என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். அந்த மேடை 10 கிலோ படியில்தான் காட்டும் என்பது ரசீதைப் பிறகு உற்றுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அது 837 ஆகவும் இருந்திருக்கலாம், 844 ஆகவும் இருந்திருக்கலாம். பந்தயத்தில் 14 லிட்டர் எரிந்தது, அது பத்தரைக் கிலோ. நானும் டயரும் பிரேக் பேடும் கொஞ்சம் இளைத்தோம். 826.

ஆறுதலுக்கு ஒன்று சொல்கிறேன். 2024 பெல்ஜிய கிராண்ட் பிரியில் ஜார்ஜ் ரஸ்ஸல் முதலாவதாக வந்தார். எரிபொருளை வடித்துப் பார்த்தபோது அவர் வண்டி 796.5 கிலோ, ஃபார்முலா ஒன்னில் அந்த வருடக் குறைந்தபட்சம் 798. ஒன்றரைக் கிலோவுக்கு வெற்றி போயிற்று. ஒரே ஒரு முறை மட்டும் டயர் மாற்றி ஓடியதால் டயர் அதிகம் தேய்ந்ததும் காரணங்களில் ஒன்றாகப் பேசப்பட்டது. அத்தனை பொறியாளர்கள் இருக்கும் இடத்திலேயே இது நடக்கிறது.

5. சரியாக எடை போடுவது

நான்கு சக்கரத்துக்கும் தனித்தனித் தட்டு உள்ள தராசு வேண்டும். சொந்தமாக வாங்கத் தேவையில்லை. பந்தய வண்டி தயார் செய்யும் பட்டறைகளில் வாடகைக்கோ ஒரு மணி நேரக் கட்டணத்துக்கோ கிடைக்கும். சக ஓட்டுநர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே நாளில் போட்டால் செலவைப் பங்கு போடலாம்.

தரை மட்டமாக இருக்க வேண்டும். டயர் காற்று பந்தய அளவில். எரிபொருள், பந்தயம் முடியும்போது எவ்வளவு மிஞ்சும் என்று எதிர்பார்க்கிறீர்களோ அந்த அளவு. விதி வடிக்கச் சொன்னால் காலி டேங்க். வைப்பரும் கண்ணாடி கழுவும் தண்ணீரும் பந்தயத்தில் இருக்குமா, இருக்காதா என்று முடிவு செய்து அதே நிலையில் வைத்துப் போடுங்கள். ஓட்டுநர் உடுப்போடு உள்ளே. கையில் போனை வைத்துக்கொண்டு உட்காராதீர்கள்; சிரிக்காதீர்கள், நான் அப்படித்தான் ஒரு தடவை 200 கிராம் கூட்டிக் காட்டினேன்.

எடை போடும் முன் நான்கு மூலையிலும் வண்டியை அமுக்கிவிட்டு ஒரு முறை முன்னும் பின்னும் உருட்டுங்கள். ஸ்பிரிங்குகள் தங்கள் இடத்தில் உட்கார வேண்டும். பின் நான்கு எண்ணையும் எழுதுங்கள். இப்போதைய என் தாள் இப்படி இருக்கிறது: முன் இடது 268, முன் வலது 262, பின் இடது 156, பின் வலது 148. மொத்தம் 834. முன் வலதையும் பின் இடதையும் கூட்டி மொத்தத்தால் வகுத்தால் 50.1 சதவீதம். இந்த மூலைவிட்ட எண் பாதிக்கு அருகில் இருந்தால் வண்டி இடது வளைவிலும் வலது வளைவிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். எடைக்காகத் தராசில் ஏறினால் இந்தத் தகவல் இலவசம், விட்டுவிடாதீர்கள்.

எவ்வளவு கூடுதலாக வைப்பது? நான் 4 கிலோ வைக்கிறேன், எரிபொருள் கணக்கைக் கழித்த பிறகு. புதிதாக வருபவர் முதல் சீசனில் 8 கிலோ வைக்கட்டும். அந்த எட்டுக் கிலோவால் நீங்கள் இழக்கும் நேரத்தைவிட, தவறவிட்ட ஒரு பிரேக் புள்ளியால் இழப்பது அதிகம்.

6. கூட்டுவது மலிவு, குறைப்பது விலை

வண்டி குறைந்தபட்சத்துக்கு மேலே 60 கிலோ இருந்தால் என்ன செய்வது? சீட், கம்பளம், கதவு உறை, உதிரி டயர், ஏசி என்று கழற்றிப் போடுவதில் பெரிய பங்கு ஏறக்குறைய செலவில்லாமல் போகும், விதி அனுமதித்தால். தரையில் ஒட்டியிருக்கும் தார் போன்ற ஒலித்தடுப்புப் பட்டைக்கு உலர்பனி வைத்தால் உறைந்து வெடிப்பு விட்டு, சுத்தியலால் தட்டினால் பிஸ்கட் மாதிரி உடைந்து வரும். கதவுகளைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். உலர்பனியிலிருந்து வருவது கார்பன் டை ஆக்சைடு. மூடிய காருக்குள் அது ஆபத்து. தடித்த கையுறையும் வேண்டும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கிலோவும் விலை ஏறிக்கொண்டே போகும். லேசான பேட்டரி, லேசான சக்கரம், கண்ணாடிக்குப் பதில் பாலிகார்பனேட்... இந்தப் பட்டியலுக்கு முடிவே கிடையாது. வண்டி கவிழ்ந்தால் காக்கும் குழாய்க் கூண்டான ரோல் கேஜ் வேறு 30, 40 கிலோவைத் திரும்ப ஏற்றிவிடும்; அதில் கிராம்கூடக் குறைக்க நினைக்காதீர்கள். குழாயின் விட்டமும் கனமும் விதியில் இருக்கும், அதிலும் பல விதிகளில் வண்டியின் எடையைப் பொறுத்து அளவு மாறும்.

கழற்றும் முன் எதைக் கழற்றலாம் என்ற பட்டியலைப் பாருங்கள். 'அனுமதிக்கப்பட்டதைத் தவிர வேறெதுவும் செய்யக் கூடாது' என்று சொல்லும் விதிதான் அதிகம். விதியில் இல்லை, அதனால் செய்யலாம் என்று வாதாடினால் தோற்பீர்கள். ஒரு நண்பர் கதவுக்குள் இருந்த பக்கவாட்டு மோதல் தடுப்புக் கம்பியை வெட்டி எடுத்துவிட்டு, பிறகு கதவையே புதிதாக வாங்கினார்.

7. பேலஸ்ட் கட்டுவது

எடை குறைந்தால் பேலஸ்ட், அதாவது கூடுதல் எடைக் கட்டி, ஏற்ற வேண்டும். மணல் மூட்டை, ஜிம் தகடு, கயிற்றால் கட்டிய எதுவும் ஆகாது. அபென்டிக்ஸ் ஜே சொல்வதன் சாரம்: உறுதியான ஒற்றைக் கட்டிகளாக இருக்க வேண்டும், கருவி இல்லாமல் கழற்ற முடியாதபடி பொருத்த வேண்டும், காருக்குள் தரையில் கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும், அதிகாரிகள் சீல் வைக்க வசதி வேண்டும். கிளப் விதிகளும் பெரும்பாலும் இதையொட்டித்தான் இருக்கும். போல்ட் அளவும் ஒரு கட்டியின் அதிகபட்ச எடையும் கூடவே சொல்லப்பட்டிருக்கும்.

300 × 200 மி.மீ. அளவில் 21 மி.மீ. கனமுள்ள இரும்புத் தகடு ஏறக்குறைய 10 கிலோ. ஈயமானால் அதே எடை ஒரு லிட்டருக்கும் குறைவான இடத்தில் அடங்கும், ஆனால் மென்மையானது. போல்ட் துளை நாளடைவில் பெரிதாகிவிடும். எனக்கு இரும்பே போதும். தரைத் தகட்டைத் துளைத்து, அடியில் அகலமான தகட்டு வாஷர் கொடுத்து, தளராத நட்டு போட்டு இறுக்குங்கள். சுவரில் மோதும்போது 20 மடங்கு விசை வந்தால் அந்த 10 கிலோ, 200 கிலோவாக இழுக்கும். அது பறக்கும் திசையில் உங்கள் தலை இருக்கிறது.

இடம்: ஓட்டுநருக்கு எதிர்ப்பக்கம், முடிந்தவரை தாழ்வாக, இரண்டு அச்சுக்கும் நடுவில். தராசு வாடகைக்கு எடுத்திருக்கும் நாளிலேயே கட்டியைத் தரையில் இங்கும் அங்கும் நகர்த்தி மூலை எடைகளைப் பார்த்துவிட்டு, பிறகு துளை போடுங்கள். துளை போட்ட பிறகு யோசித்தால் தரை சல்லடையாகிவிடும்.

பிரிவை ஜெயித்தவருக்கு அடுத்த பந்தயத்தில் கூடுதல் எடை ஏற்றும் தொடர்களும் உண்டு. அப்படிப்பட்ட தொடர் என்றால் ஆரம்பத்திலேயே இன்னும் இரண்டு கட்டிக்கு இடம் விட்டு வையுங்கள். ஜெயிக்கப்போவதில்லை என்று நினைத்தால்கூட.

8. காகிதங்கள்

ஒரு பிளாஸ்டிக் கோப்பு வாங்கி வண்டியிலேயே வையுங்கள். அதில் இருக்க வேண்டியவை: போட்டி உரிமமும் மருத்துவச் சான்றும், வண்டியின் பரிசோதனைப் பதிவேடான லாக் புக், அந்த மாடலுக்கு ஹோமோலோகேஷன் தாள் (அங்கீகரிக்கப்பட்ட விவரங்கள்) கேட்கும் பிரிவானால் அதன் பிரதி, எஞ்சின் சீல் வைத்திருந்தால் சீல் எண் உள்ள சான்று, லேத் பட்டறை எழுதித் தந்த போர் அளவுகள், நான்கு மூலை எடைத் தாள், அதிகாரியோடு நடந்த கடிதப் போக்குவரத்து.

லாக் புக்கைப் பலர் சம்பிரதாயமாக நினைக்கிறார்கள். அதில் பழைய உரிமையாளர் காலத்து ஸ்க்ரூட்டினி (பந்தயத்துக்கு முந்தைய வண்டிப் பரிசோதனை) குறிப்புகள் இருக்கும்: 'பேலஸ்ட் சரியாக இல்லை, அடுத்த பந்தயத்துக்குள் திருத்தவும்' போன்றவை. வண்டி வாங்கும் முன் அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். தொலைந்துவிட்டது என்றால் புதிதாக எடுக்க மறுபடி முழுப் பரிசோதனை, கட்டணம், காத்திருப்பு.

சீல் வைத்த எஞ்சினை வாங்கினால் சீல் எண்ணும் சான்றில் உள்ள எண்ணும் ஒன்றா என்று நீங்களே குனிந்து பாருங்கள். சின்னக் கம்பிதான். ஆயில் கசிவைச் சரிசெய்ய அதை யாராவது வெட்டியிருந்தால் முழுச் சரிபார்ப்பையும் திரும்பச் செய்ய வேண்டிவரும்.

9. எதை எப்போது

முதல் பந்தயத்துக்குப் பத்து வாரம் முன்னால் விதிகளைப் படித்து, சந்தேகங்களை எழுதி அனுப்புங்கள். பதில் வர இரண்டு வாரம்கூட ஆகும். எட்டு வாரம் முன்னால் எஞ்சின் அளவு முடிந்திருக்க வேண்டும். போர் தப்பாக இருந்து லைனர் அடிக்க நேர்ந்தால் பிஸ்டன், ரிங் வரவழைக்க மீதி நாள் சரியாக இருக்கும். ரோல் கேஜும் சீட்டும் பொருத்திய பிறகுதான் எடை போடுவதில் அர்த்தம். அது நான்கு வாரம் முன்னால். பேலஸ்ட் கட்டியபின் கடைசி எடை, ஒரு வாரம் முன்னால். அந்த வாரத்தில் திருத்த அறிவிப்பு ஏதாவது வந்திருக்கிறதா என்று இன்னொரு தடவை பாருங்கள்.

செலவில் பெரியது எஞ்சின் வேலை, அடுத்து ரோல் கேஜ். தராசு வாடகை, லாக் புக், சீல் கட்டணம் எல்லாம் அவற்றோடு ஒப்பிட்டால் சில்லறை. ஆனால் ஆட்கள் மிச்சம் பிடிப்பது அந்தச் சில்லறையில்தான்.

10. பந்தய நாளில்

ஸ்க்ரூட்டினி முடிந்ததும் ஓடிப்போய் உட்காராதீர்கள். கிளப்பின் தராசு திறந்திருக்கும் நேரத்தில் போய் ஒரு தடவை ஏறிப் பாருங்கள். பெரும்பாலும் விருப்பப்பட்டவர்களை அனுமதிப்பார்கள். உங்கள் பட்டறைத் தராசு 834 காட்டினாலும் அவர்களுடையது 831 காட்டினால் அன்றைக்கு 831தான் உண்மை. அந்த வித்தியாசத்தை எழுதிவைத்து, பயிற்சி ஓட்டம் முடிந்ததும் மறுபடி ஒரு முறை ஏற்றுங்கள்.

எரிபொருளைக் கணக்காக ஊற்றும்போது, முடிந்தபின் மாதிரி எடுக்க எத்தனை லிட்டர் மிச்சம் வேண்டும் என்று விதி சொல்வதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டேங்க் அடியில் மிகக் குறைவாக இருந்தால் நீளமான வளைவில் பம்ப் காற்றை இழுத்து எஞ்சின் திணறும்; அந்த அளவு உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று பயிற்சி நாளில் தெரிந்துகொள்ளுங்கள்.

பந்தய முடிவுக் கொடி விழுந்த பிறகு, எடை மேடையில் ஏறும்வரை வண்டியை யாரும் தொடக் கூடாது. நண்பர் தண்ணீர் பாட்டில் நீட்டினால் வாங்காதீர்கள். ஹெல்மெட்டைக் கழற்றி மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டு வெறும் தலையோடு தராசில் உட்கார்ந்தவரைப் பார்த்திருக்கிறேன். ஒன்றரைக் கிலோ அங்கேயே போயிற்று, அவருக்குப் பற்றாமல் போனது ஒரு கிலோதான்.

எண் குறைவாக வந்தால் அங்கேயே மறு எடை கேளுங்கள், மரியாதையாக. தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள். முடிவுத் தாளில் கையெழுத்துக் கேட்டால், படித்துவிட்டு, நேரத்தையும் குறித்துவிட்டுப் போடுங்கள். எஃப்.ஐ.ஏ.வின் சர்வதேச விளையாட்டு விதித்தொகுப்பின்படி, தற்காலிக முடிவு வெளியான 30 நிமிடத்துக்குள் அந்த முடிவுக்கு எதிரான ஆட்சேபணையை எழுத்தில் தர வேண்டும், கட்டணத்தோடு. கிளப் விதிகளிலும் ஏறக்குறைய இதே நேரம்தான். அடுத்தவர் எஞ்சினை நீங்கள் ஆட்சேபித்தால், பிரித்து அளக்கும் செலவுக்கு முன்பணம் கட்ட வேண்டிவரும். அளந்து சரியாக இருந்தால் அந்தப் பணம் அவருக்குப் போகும். அன்று என் 826-ஐப் பார்த்துவிட்டு நான் செலவழித்த அரை மணி நேரம், பேடாக்கில் ஒரு டயர் மேல் உட்கார்ந்து யார்மேல் பழி போடலாம் என்று யோசித்ததில் போயிற்று. எழுந்து ஆட்சேபணைத் தாள் கேட்கப் போனபோது, "நேரம் முடிஞ்சிடுச்சு தம்பி" என்றார்கள்.